செண்பகவல்லி கொடுத்த விலை

மூன்று அரசுப் பள்ளிகள். ஒரு மருத்துவமனையின் பிரசவ வார்டு. பழவங்காடி பக்கம் ஓர் அலுவலகக் கட்டடம், மாடிப்படி உட்பட. கல்லாற்றில் ஒரு அரசு விடுதி, வெளிப்புறம் மட்டும். என் தங்கை செண்பகவல்லி பெண்கள் பெயிண்டிங் குழு அமைத்து, தன் பெயரில் விலை எழுதிக் கொடுத்துப் போட்டியில் பிடித்த வேலைகள் இவை. எதுவும் விடுபடவில்லை, சரிபார்த்துவிட்டேன்.

சங்கரன்கோவிலிலிருந்து நாங்கள் திருவனந்தபுரம் வந்தபோது அவளுக்குப் பதினொரு வயது. நான் எட்டாம் வகுப்பு வரை படித்தேன். அவள் பள்ளிக்கூடமே போகவில்லை. செங்கல் சுமந்தாள், உப்புத்தாள் தேய்த்தாள், பிறகு பிரஷ் பிடித்தாள். டேப் ஒட்டாமலே ஜன்னல் ஓரத்தில் நேர்கோடு இழுப்பாள். இருபது வருடமும் ஒப்பந்தக்காரரிடம் நாள்கூலிதான்.

2022 நவம்பரில், பெண்கள் குழுக்களுக்கென்றே ஒதுக்கிய ஒரு பள்ளி வேலைக்குப் பொதுப்பணித் துறையில் மூடிய கவரில் விலை கேட்டார்கள். கரமனையில் எங்கள் அடுத்த வீட்டுத் தாசம்மாளையும் இன்னும் நான்கு பேரையும் சேர்த்துக்கொண்டு செண்பகவல்லி இறங்கினாள். கிடைத்தால் ஆறு பேருக்கும் சொந்த வேலை. இல்லையென்றால் பழையபடி அதே ஒப்பந்தக்காரர்.

தாள்களை நான்தான் நிரப்பினேன். எல்லோருக்கும் எழுதப் படிக்கத் தெரிந்த ஊரில் என் தங்கை கைநாட்டு வைப்பதா என்று எனக்கு வெட்கம். பதினான்கு இடங்களிலும் அவள் பெயரை நானே அழகாகப் போட்டுவிட்டேன்.

கவர் பிரித்த அன்று அவள் விலைதான் குறைவு. துறைப் பொறியாளர் சுஜா மேடம் பதிவேட்டில் கையெழுத்துக்கு இடம் காட்டி, "செண்பகவல்லி, இவிடே ஒரு ஒப்பு போடு" என்றார். அவள் பேனாவை வாங்காமல் என்னைப் பார்த்தாள்.

மனைவி பெயரில் கவர் போட்டிருந்த ஷிபு சிரித்தார். "ஒப்பு சேட்டன், பிரஷ் தங்கச்சி. அப்போ முதலாளி ஆரு?"

"நீங்க சிரிக்கண்டா ஷிபு. உங்க வைஃப் எங்கே?" என்றார் மேடம். பிறகு எங்களிடம், "விரல் வெச்சிருந்தாலே மதி, அது செல்லும். வேற ஆள் போட்ட ஒப்பு செல்லாது. பெண்ணுங்க பேர்ல ஆணுங்க வேலை எடுக்கறாங்க, அதான் நேர்ல விளிச்சுப் பார்க்கறேன்" என்றார். அவள் கவரைத் தள்ளுபடி செய்தார்.

 கரமனையில் பஸ்ஸை விட்டு இறங்கிய பிறகு கேட்டாள்: "ஏண்ணே, என் விரலு என்ன அழுக்கா?"



கோடை விடுமுறையில் வண்ணம் பூச வேண்டிய பள்ளி ஒன்றுக்கு மார்ச்சில் மறுபடி விலை கேட்டார்கள். "இந்தத் தடவ விரல் வச்சிரு, மேடமே சொல்லிட்டாங்க" என்றேன்.

"வேண்டாம். என் பேர நீ பதினாலு தடவ போட்டுட்ட. நான் ஒரு தடவகூடப் போடல."

அதற்குள் அவள் பெயர் எழுதிப் பழக ஆரம்பித்து நாளாகியிருந்தது. தாசம்மாள் எழுதிக் கொடுத்ததைப் பார்த்து, வேலை செய்யும் வீடுகளில், முதல் கோட் காய்ந்த சுவரில் நான்கு அங்குல பிரஷால் பெயரை எழுதுவாள். இரண்டாவது கோட் அதை மூடிவிடும். அடுத்த சுவரில் கொஞ்சம் சிறிதாக எழுதுவாள்.

"ஏட்டி செம்பகம், இம்புட்டுப் பெருசா எழுதுனா ஆபீஸ்ல தாளு பத்தாது. செவத்தப் பேத்துல்லா கொண்டு போவணும்!" என்பாள் தாசம்மாள்.

இந்த முறை வீட்டில் எந்தத் தாளிலும் அவள் பேனா வைக்கவில்லை. மேடத்தின் முன்னால்தான் போடுவேன் என்று, கையெழுத்து இடம் காலியாக இருந்த தாள்களோடு போனாள். நான் வராந்தாவில் நின்றுகொண்டேன்.

"தமிழ்ல போடலாமா மேடம்?"

"எந்த பாஷையானாலும் சரி. உங்க கையாயிருந்தா மதி."

முதல் தாளுக்கு நான்கு நிமிடம் ஆனது. வரிசையில் நின்றவர்களில் ஒருவர்கூட அவசரப்படுத்தவில்லை. ஆரம்பத்தில் சொன்ன மூன்று பள்ளிகளில் முதலாவது அவளுக்கு இப்படித்தான் கிடைத்தது. அன்று, ஆற்றுகால் கோயிலுக்காகப் பெண்கள் பொங்கல் வைக்கும் பொங்காலை முடிந்து இரண்டாம் நாள்: 2023 மார்ச் 9, வியாழக்கிழமை.