மதாம் ரொஸ்லினும் என் பொய் மொழிபெயர்ப்பும்

யூக்கலிப்டஸ் தைலத்தின் மணம் மூக்கில் ஏறினால் எனக்கு இன்றைக்கும் சளித் தடிமன் நினைவுக்கு வருவதில்லை. பாரிசின் லா சப்பலில் நாங்கள் இருந்த பழைய கட்டடத்தின் மரப்படிகளும், நான்காம் மாடியில் தலைக்கு மேல் துவாயைப் போட்டுக்கொண்டு காலையும் மாலையும் ஆவி பிடித்த மதாம் ரொஸ்லினும்தான் நினைவுக்கு வரும்.

ரொஸ்லின் ஒரு சோல் பாடகி. கறுப்பின மக்களின் கோயில் பாட்டிலிருந்து பிறந்த இசை அது. கரீபியன் கடலின் மார்த்தினிக் தீவின் கோயில் பாடகர் குழுவிலிருந்து பாரிசுக்கு வந்து, இருபது வருடம் பெயர்பெற்றவர்களுக்குப் பின்னால் நின்று பின்பாட்டுப் பாடி, தலை நரைக்கத் தொடங்கிய பிறகுதான் தன் பெயரில் ஓர் இசைத்தட்டுப் போட்டவர். அடுத்த வருடமே தொண்டையில் அறுவைச் சிகிச்சை. இனிப் பாடலாம் என்று வைத்தியர் சொல்லியும் அவர் பாடவில்லை. வழவழப்பான பழைய குரல் போய் நடுவே ஒரு கீறல் விழுந்திருந்தது. அந்தக் குரலோடு மேடை ஏறுவதைவிட வீட்டிலேயே இருந்துவிடலாம் என்று முடிவெடுத்திருந்தார். இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. அம்மாவுக்கு ஆவி மணமே போதும். "ஆவி பிடிக்கிற மனிசி, நல்ல ஆளாத்தான் இருக்கும்" என்பார்.

மன்னாரில் பிறந்த அம்மா, தவக்காலம் வந்தால் சினிமாப் பாட்டை நிறுத்திவிட்டு, வெள்ளி பின்னேரங்களில் புறநகர் லா கூர்னெவ்விலிருந்து வரும் இரண்டு அன்ரிமாரோடு சேர்ந்து "பசாம்" படிப்பார். இறந்த மகனை மடியில் வைத்து மாதா அழுகிற ஒப்பாரி அது. மூவருக்கும் குரல் என்று சொல்லும்படி ஒன்றும் கிடையாது. தொண்டை அடைக்கும், மூச்சு முட்டும், கண்ணீர் ஓடும், ஆனால் நிறுத்த மட்டும் மாட்டார்கள். கீழ் மாடியில் என் வகுப்புத் தோழி இருந்தாள். பத்து வயதுக்காரியான எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

ஒரு வெள்ளிக்கிழமை கதவைத் தட்டிக்கொண்டு ரொஸ்லின் வந்து நின்றார். அம்மாவுக்கு முகம் வெளிறிவிட்டது. சத்தம் போடுகிறோம் என்று யாராவது முறைப்பாடு கொடுத்தால் வீடு போய்விடும் என்ற பயம் அவருக்கு எப்போதும் உண்டு. ரொஸ்லினோ என்னைப் பார்த்துப் பிரெஞ்சில், "இன்னும் உரக்கப் பாடச் சொல்லம்மா, மேலே சரியாகக் கேட்கவில்லை" என்றார். பிரெஞ்சு என்று வந்தால் எங்கள் வீட்டுக்கு நான்தான் வாய்.

"என்னவாம் பிள்ளை?" என்றார் அம்மா.

"சத்தமாம். நிப்பாட்டட்டாம்."

அம்மா "பார்தோன், பார்தோன்" என்று பதறி மன்னிப்புக் கேட்டு, ஒரு தட்டு நிறைய மீன் ரோல்ஸைக் கொடுத்து அனுப்பினார். ரொஸ்லின் ஒன்றும் விளங்காமல் வாங்கிக்கொண்டு போனார்.

அடுத்த வெள்ளி மூவரும் கதவிடுக்கில் துவாயை அடைத்துவிட்டுக் குசுகுசுத்தார்கள். ஒப்பாரியைக் குசுகுசுத்து நீங்கள் கேட்டிருக்கிறீர்களா? எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. வெளியே போய்ச் சிரிக்கலாமென்று கதவைத் திறந்தேன். ரொஸ்லின் படியில் உட்கார்ந்து, எங்கள் சுவரில் காதை வைத்தபடி கண்ணை மூடியிருந்தார். மடியில் கழுவித் துடைத்த எங்கள் தட்டு இருந்தது.

உள்ளே ஓடிப்போய் அழுதுகொண்டே உண்மையைச் சொன்னேன். அடி விழும் என்று கன்னத்தைப் பொத்திக்கொண்டேன். அம்மா அடிக்கவில்லை. "நீ செய்த பிழை. நீயே போய்ச் சொல்லிக் கூட்டிக்கொண்டு வா" என்றார். சொன்னேன். ரொஸ்லின் விழுந்து விழுந்து சிரித்தார். தன் அம்மா கோயிலில் பாடும்போது தானும் வெட்கத்தில் வாங்குப் பலகைக்கு அடியில் ஒளிந்தவள்தான் என்றார்.

பெரிய வெள்ளியன்று அவர் எங்கள் வீட்டுக் கட்டில் நுனியில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார். மூத்த அன்ரியின் குரல் வழக்கமான இடத்தில் உடைந்தது. அப்போது சொல்லில்லாத இன்னொரு குரல் அந்த இடத்தைத் தாங்கிப் பிடித்தது. அதிலும் கீறல் இருந்தது. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை, பாட்டு தன்பாட்டில் போனது.

குளிர்காலம் தொடங்கிய ஒரு ஞாயிறு பின்னேரம், சின்ன அரங்கொன்றில் ரொஸ்லின் மேடை ஏறினார். முன்வரிசையில், சேலைக்கு மேல் தடித்த கோட் போட்டபடி அம்மாவும் அன்ரிமாரும் இருந்தார்கள். கீறலை மறைக்காமல் பாடி முடித்து, எங்களைக் கைகாட்டிப் பேசினார்.

"என்னவாம் பிள்ளை?"

"உடைஞ்ச குரலாலயும் பாடலாம் எண்டு உங்களிட்டத்தான் கண்டவவாம். நீங்கள் இல்லாட்டி இந்த மேடை இல்லையாம். நன்றியாம்." ஒரு சொல்லும் விடவில்லை.

அதன் பிறகு ரொஸ்லின் மூன்று இசைத்தட்டுப் போட்டார். இப்போது மார்த்தினிக்கில் இருக்கிறார். அன்ரிமார் திரான்சியில் பிள்ளைகளோடு. அந்தப் படிகளில் ஆவி மணமும் இல்லை, தவக்காலத்து அழுகையும் இல்லை. அந்த மூன்று இசைத்தட்டுகளும் என்னிடம் இருக்கின்றன. கீறல் கேட்கிற இடம் வரும்போதெல்லாம் அவர்கள் எல்லோரையும் நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன். பிறகு, என்னை அறியாமலே, பக்கத்தில் திரும்பிப் பார்க்கிறேன். என்னவாம் பிள்ளை என்று கேட்க அம்மா இல்லை.