சீரில்லாத நாடி

சீராக அடித்தால் நல்ல நாடி என்பார்கள். மயக்க மருந்து கொடுத்தே கிழவியான எனக்கு அதைக் கேட்டால் எரிச்சல்தான் வரும். விழித்திருக்கும் மனிதனின் நாடி, மூச்சை இழுத்தால் சற்று விரையும், விட்டால் தணியும். மயக்கம் ஆழமாக ஆழமாக அந்த ஏற்ற இறக்கம் மங்கிவிடும்.

கோட்டையில் கறுப்பு சிவப்பும் வயலில் செங்கொடியும் பறந்த காலம். திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு மருத்துவமனையில் வேலை பார்த்தேன். நாடியைக் காட்டும் திரை, கருவி எதுவும் கிடையாது. நோயாளியின் மணிக்கட்டில் என் விரல், அவ்வளவுதான். அறுவடைக் கூலி கேட்டு வேலைநிறுத்தம் நடந்தது. அந்தச் சும்மா இருந்த நாட்களில்தான் பண்ணையாள் ஒருவர் பல வருஷத்துக் குடலிறக்கத்தைக் காட்ட வந்தார். வேலை இருந்திருந்தால் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு மூட்டை தூக்கப் போயிருப்பார்.

ஆபரேஷன் அன்று, அறைக் கதவருகே அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எழுந்திருச்சிருவாருல்லங்கம்மா?"

"எழுந்திருச்சிருவாருங்க. நான் பக்கத்துலயேதான் இருப்பேன்."

உள்ளே மேசையில் படுத்திருந்தவர் முகத்தில் மயக்க மருந்து மாஸ்க்கை வைத்து, "ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணுங்க" என்றேன்.

"லாபம்... ரெண்டு... மூணு..."

நெல் அளக்கும்போது முதல் மரக்காலை ஒன்று என்று சொல்வதில்லை, லாபம் என்பார்கள். எங்கள் வீட்டுக் களத்தில் நான் கேட்டு வளர்ந்த எண்ணிக்கைதான். வாயால் லாபம் சொன்னவர் ஒருவர், நெல் போய்ச் சேர்ந்த பத்தாயம் இன்னொருவருடையது. ஐந்துக்கு மேல் அவர் குரல் வரவில்லை.

நாடி சீரானது. பெரிய டாக்டர் குடலைப் பிடித்து இழுத்ததும் சட்டென்று மந்தமானது. ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவில் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

"சார், கையை எடுங்க!"

அவரை அப்படி அதட்டியவர் அந்த ஆஸ்பத்திரியில் யாருமில்லை. முறைத்தார், ஆனால் எடுத்தார். நாடி மீண்டது. ஆளுக்கு எதுவும் தெரியாதபோதும் உடம்புக்குத் தெரிகிறது.

தையல் முடிந்த பிறகும் நெடுநேரம் நாடி ஒரே சீராக ஓடியது. பயந்துவிட்டேன். அந்த அம்மாளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேனே! அப்புறம், மூச்சை இழுத்தபோது விரலடியில் லேசாக விரைந்தது. விட்டபோது தணிந்தது. காதருகே குனிந்து, "எண்ணுங்க" என்றேன்.

காய்ந்த உதடு அசைந்தது.

"லாபம்."

இந்தத் தடவையாவது அது அவர் வீட்டுக்கே போகட்டும் என்று, கதவைத் திறந்து மனைவியைக் கூப்பிட்டேன்.