குவாரிப் பள்ளத்தின் வழியே மச்சானின் சுவர் வரை

போன ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, திருப்பூருக்கு வடக்கே நெருப்பெரிச்சல் என்ற ஊர் தாண்டி ஒரு கைவிடப்பட்ட கல்குவாரியைச் சுற்றி மழைத்தண்ணீர் எந்த வழியாக ஓடுகிறது என்று பார்க்கப் போனேன். ஊட்டிக்குப் போகிறவர்கள் ஊட்டிக்குப் போகட்டும்.

காரணம் என் அக்காவின் கணவர். பனியன் கம்பெனி முதலாளி. குவாரிக்குக் கீழே இடம் வாங்கி, அதன் குறுக்கே போன காய்ந்த ஓடைப் பள்ளத்தை மூடி, கீழ்ப்புறம் சுவரும் எழுப்பிவிட்டார். அங்கே தகரக் கொட்டகையில் காவல்காரர் குடும்பம் ஒன்று கைக்குழந்தையோடு இருக்கிறது. பலத்த மழை வந்தால் தண்ணீர் முதலில் நுழைவது அந்தக் கொட்டகைக்குள்தான். ஒரு காதுகுத்து விருந்தில், "அது நீர்வழிங்க மச்சான்" என்றேன். பந்தியே கேட்கும்படி, "கல்லுப் படிச்சவனுக்குத் தண்ணியப் பத்தி என்ன மாப்ள தெரியும்?" என்றார்.

நான் நிலவியலில் எம்.எஸ்ஸி., முதல் வகுப்பு. கல்லூரி வேலை எனக்குக் கிடைக்காமல் செய்த மூன்று பேரின் பெயர்களும் நினைவிருக்கின்றன. இப்போது ஓர் ஏற்றுமதி அலுவலகத்தில் வெளிநாட்டு பையர்களுக்கு மெயில் அடிக்கிறேன்.

காலை ஏழரைக்குப் பழைய பேருந்து நிலையத்தில் டவுன் பஸ். டிக்கெட் நான்கு ரூபாய். கண்டக்டர் விசாரித்தார்.

"ஏனுங்க, குவாரியில கல்லே தீந்துபோச்சுங்களே?"

"தண்ணி பாக்கப் போறேங்க."

"அட! எங்கூட்டுக்கும் வந்து பாருங்க. தேங்காய் வெச்சுப் பாப்பீங்களா, வேப்பங்குச்சியா?"

எம்.எஸ்ஸி. என்று சொல்லிப் பார்த்தேன். "அதுவும் வெச்சுப் பாருங்க" என்றார்.

நிறுத்தத்திலிருந்து இரண்டு கிலோமீட்டர் நடை. குவாரிக் குழியில் பச்சைத் தண்ணீர் விளிம்புவரை நின்றது. மேட்டுக்காடுகளின் மழை குழிக்குள் விழாதிருக்க, குவாரி ஓடிய காலத்தில் பள்ளத்தைத் திருப்பி ஓரமாக ஒரு வாய்க்கால் வெட்டியிருக்கிறார்கள். குழியில் ஊறியதையும் மோட்டார் வைத்து அதிலேயே இறைத்திருக்கிறார்கள். குவாரி மூடியதும் மோட்டார் போனது, குழி நிறைந்தது. இனி வருகிற ஒவ்வொரு சொட்டுக்கும் அந்த வாய்க்கால்தான் வழி. அதையொட்டியே நடந்தேன். நேராக மச்சானின் சுவரில் போய் முட்டியது.

காவல்காரர் எபனேசர், சாத்தான்குளம் பக்கத்துக்காரர். விளக்கினேன். சிரித்தார்.

"பயப்படாதிய சார். மொதலாளி பள்ளத்துல ரெண்டு லோடு பனியன் துணி கட்டிங் வேஸ்ட் போட்டு அமுக்கியிருக்காவ. நூறு சதம் காட்டனாம். எவ்வளவு தண்ணி வந்தாலும் உறிஞ்சிக்கிடுமாம்."

பள்ளத்தைப் பனியன் துணியால் துடைத்துவிடலாம் என்று திருப்பூரில்தான் ஒருவருக்குத் தோன்றும். பதில் யோசிப்பதற்குள் வடக்கே கறுத்து, மேட்டில் கொட்டத் தொடங்கியது. சிறிது நேரத்தில் வாய்க்கால் நிறையச் செந்தண்ணீர் வந்தது. காட்டன் உறிஞ்சியது, உண்மைதான். உறிஞ்சி, உப்பி, சுவரடியில் தக்கை மாதிரி இறுகிக்கொண்டது. கொட்டகைக்குள் முழங்காலளவு தண்ணீர். எபனேசரின் மனைவி செல்வி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கட்டில்மேல் ஏறி நின்றார்.

"கடப்பாரை எங்கே?" என்றேன்.

"மொதலாளி செவுருல்லா சார்! தொட்டா எனக்கு வேலை போயிரும்."

"செவுரு போனா கட்டிக்கிடலாம்வே! புள்ள போனா மொதலாளி பெத்துத் தருவாரா?" என்று கட்டில்மேலிருந்து செல்வி கத்தினார்.

கடப்பாரை வந்தது. ஹாலோ பிளாக் சுவர். ஒவ்வொரு குத்துக்கும் ஒரு பெயரை மனதில் சொன்னேன். கல்லூரிப் பெயர்கள் மூன்றும் தீர்ந்த பிறகு மச்சான் பெயரையே திரும்பத் திரும்பச் சொல்லிக் குத்தினேன். சுவர் விட்டுக்கொடுத்தது. தண்ணீர் பாய்ந்து வெளியேறியது. கீழே வேலிக்காத்தான் முள்ளிலெல்லாம் சிவப்பும் பச்சையுமாகக் கட்டிங் வேஸ்ட் தொங்கியது.

எபனேசர் போன் அடித்ததும் அரைமணியில் மச்சான் காரில் வந்துவிட்டார். "செவுத்த ஒடச்சது யாரு?"

"வெள்ளம் மொதலாளி" என்றார் எபனேசர், என்னைப் பார்க்காமல்.

"வெள்ளம் இல்லீங்க. நான்தானுங்க" என்றேன். வாழ்க்கையில் உருப்படியாக ஒரு காரியம் செய்திருக்கிறேன், அதையும் வெள்ளத்துக்கு விட்டுக்கொடுப்பதா?

மச்சான் ஓட்டையை அளப்பதுபோலப் பார்த்தார். "ஒடச்சதுதான் ஒடச்சே, நாலடி தள்ளி ஒடச்சிருந்தா லாரி கேட்டுக்கு ஆயிருக்குமில்ல மாப்ள?" பிறகு செல்வியிடம் திரும்பி, "கொளந்தையக் கொண்டுபோய்க் கார்ல உக்காரும்மா. எங்கூட்டுல மாடி ரூம் சும்மாதான் கெடக்குது" என்றார். இந்த மனிதர்மேல் முழுசாகக் கோபப்படவும் முடிவதில்லை. அவர்மேல் எனக்குள்ள முக்கியமான புகாரே அதுதான்.

போக நினைப்பவர்களுக்கு: ஐப்பசியில் போங்கள், பழைய செருப்போடு. குழியில் இறங்காதீர்கள், ஓரம் செங்குத்து. மேட்டில் கறுத்தால் வாய்க்காலை விட்டு ஏறிவிடுங்கள். சாப்பாடு, குடிதண்ணீர் கையில் இருக்கட்டும். இடம் வாங்குகிறவர்கள் புரோக்கர் கூப்பிடும் சித்திரையில் போய்ப் பார்க்காதீர்கள்.

இப்போது அந்த ஓட்டையில் பெரிய சிமெண்ட் குழாய் பதித்திருக்கிறார்கள். எபனேசர் குடும்பம் இன்னும் மச்சான் வீட்டு மாடியில்தான். குழாயை எங்கே பதிப்பது என்று மச்சான் கொத்தனாரிடம் கேட்டார், வாஸ்துக்காரரிடம் கேட்டார், என்னிடம் கேட்கவில்லை. நன்றியும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், இத்தனை வருடக் கோபத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?