பிளக் கழற்றப்பட்ட வாஷிங் மெஷின்

ரத்தக் கறை படிந்த துணியை எடுத்தவுடன் வெந்நீரில் போடக் கூடாது. முதலில் பச்சைத் தண்ணீர், பிறகு சோப்பு, அதற்கப்புறம்தான் கொதிநீர். இதைத் தெரிந்துகொள்ள யாரும் வெளிநாடு போக வேண்டியதில்லை. பெரிய மருத்துவமனையின் பிரசவ வார்டில் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்ற அந்த அம்மாள், கடல் கடந்து போய்ச் செய்துகொண்டிருந்தது இதைத்தான்.

பிள்ளைகள் கரையேறிவிட்டார்கள். உடம்பில் தெம்பு இருக்கும்போதே நாலு பேருக்கு உதவலாம் என்று புருஷனும் பெண்டாட்டியும் ஒரு தொண்டு நிறுவனத்துக்கு விண்ணப்பித்தார்கள். கணவர் மின் வாரியத்தில் வேலை பார்த்தவர். போக வேண்டிய இடம் ஒரு சின்னப் பிரசவ மருத்துவமனை. யோசனை அவளுடையது, அந்த இடத்துக்குத் தேவையான படிப்பும் அவளுடையது. நிறுவனமோ அவரை ‘மின் பணியாளர்’ என்றும் அவளை ‘உடன் வரும் மனைவி’ என்றும் எடுத்துக்கொண்டது.

அந்த நாட்டில் நோயாளியைத் தொட நர்ஸுக்கு அரசு அனுமதி வேண்டும். விண்ணப்பிக்க வேண்டியவர் மருத்துவமனை நிர்வாகி. “மேடம் எங்க ஆள் இல்லையே, உங்க கூட வந்தவங்கதானே, நான் எப்படிக் கேட்க முடியும்?” என்று அவர் கணவரிடம்தான் சொன்னார். அவள் பக்கத்திலேயே நின்றிருந்தாள். சும்மா இருக்க மாட்டாள் என்று தெரிந்ததும் சலவை அறையைக் காட்டினார். அங்கே அனுமதி தேவைப்படவில்லை. பெண் அழுக்குத் துவைப்பதற்கு உலகத்தில் எந்த அரசாங்கமும் அனுமதி கேட்பதில்லை.

சலவை அறையில் இரண்டு சிமென்ட் தொட்டிகள், ஒரு கொடி, மூலையில் ஒரு புத்தம் புது வாஷிங் மெஷின். அது நன்கொடையாக வந்தது. பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. கொடுத்த செல்வந்தர் நேரில் வந்து ரிப்பன் வெட்டித் தொடங்கி வைப்பதாக ஏற்பாடு. அவர் வரும் தேதி தள்ளிக்கொண்டே போனது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான் என்பார்கள். இங்கே சாமியே வந்து சேரவில்லை. பூசாரி மட்டும் காவல் இருந்தார். யாராவது அவசரப்பட்டு ஓட்டிவிடப் போகிறார்கள் என்று நிர்வாகி பயந்தார். அதன் பிளக்கைக் கழற்றித் தன் மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டிக்கொண்டார்.

கழற்றிக் கொடுத்தவர் வேறு யாருமில்லை, மின் பணியாளர்தான்.

“ஏங்க, உங்க கையாலயேவா கழட்டிக் குடுத்தீங்க?” என்று அன்றைக்கு அவள் கேட்டாள். அவர்கள் தங்கியிருந்த அறையில் ஒரே ஒரு நாற்காலி. அவர் அதில் உட்கார்ந்திருந்தார். அவள் கட்டிலில் உட்கார்ந்து, வெடித்த விரல்களுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

“சொன்னாங்க, கழட்டினேன். அவங்க இடம், அவங்க முறை. கொஞ்சம் பொறு. பொறுத்தார் பூமி ஆள்வார்.”

“நீங்க ஆளுங்க. எனக்குப் பூமி வேண்டாம், பிளக் போதும்.”

அன்றிலிருந்து அவருக்குப் பூமியாள்வார் என்று பெயர் விழுந்தது. ‘பூமியாள்வாரே, சாப்பாடு ஆறுது.’ ‘பூமியாள்வாருக்கு இன்னைக்கு எந்த ஃபேன் ரிப்பேர்?’ அவர் சிரித்துக்கொள்வார். அவருக்குக் கோபமே வராது. அக்கம்பக்கத்தில் அதற்காக அவரைத் தங்கமான மனுஷன் என்பார்கள். தங்கமான மனுஷனோடு குடித்தனம் நடத்தியவளிடம் யாரும் விசாரித்ததில்லை.

மகள் போனில் கேட்டாள்: “அம்மா, அங்க என்னம்மா பண்றே? நிறைய பிரசவம் பாக்கிறியா?”

“பாக்கிறேன்டி. துணியில பாக்கிறேன்.”

அது வேடிக்கைப் பேச்சு இல்லை. விரிப்பைப் பார்த்தே அவளுக்கு உள்ளே நடந்தது தெரியும். இந்தப் பெண்ணுக்கு அளவுக்கு மேல் ரத்தம் போயிருக்கிறது, இவளுக்குத் தையல் பிரிந்திருக்கிறது என்று தொட்டியருகே நின்று கண்டுபிடிப்பாள். பிரசவ அறைக்குப் போய்ச் சொன்னால், “நாங்க பாத்துக்கிறோம் மேடம்” என்று மரியாதையாகக் கதவைச் சாத்துவார்கள்.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. கொடியில் போட்ட விரிப்பு மறுநாளும் சொதசொதவென்று தொங்கியது. ஈரத் துணியில் பிள்ளை பெற்றவளைப் படுக்க வைக்க முடியாது. அலமாரியில் இருந்த உலர்ந்த விரிப்புகள் ஒவ்வொன்றாகத் தீர்ந்தன. வலி எடுத்து வந்திருந்த ஒரு பெண்ணை வெறும் ரப்பர் ஷீட்டில் படுக்க வைத்திருக்கிறார்கள் என்று பிரசவ அறை நர்ஸ் வந்து சொன்னாள். “ஒண்ணாவது காஞ்சிருக்கா மேடம்?”

இல்லை. மூலையில் இருந்த மெஷின் துவைத்து, பிழிந்து, காய வைத்தும் கொடுக்கக் கூடியது.

நிர்வாகி ஊரில் இல்லை. ஒருவழியாகத் தேதி கொடுத்துவிட்ட செல்வந்தரை அழைத்துவரப் போயிருந்தார். அவள் நேரே அறைக்குப் போனாள். கணவரின் கருவிப் பெட்டியிலிருந்து ஒரு புதுப் பிளக்கையும் ஸ்க்ரூடிரைவரையும் எடுத்தாள். அவர் பின்னாலேயே ஓடி வந்தார்.

“என்ன பண்றே? நாளைக்கு அவங்க வந்துடுவாங்க. ஒரு நாள்தானே, பொறுக்கக் கூடாதா?”

“உள்ள இருக்கிற குழந்தைகிட்டப் போய்ச் சொல்லுங்க. அது பொறுக்குதான்னு பாப்போம்.”

சலவை அறைக்கு வந்து மெஷினின் பிளாஸ்டிக் உறையைக் கிழித்தாள். ஒயரின் முனையைப் பிளக்குக்குள் நுழைத்துத் திருகத் தொடங்கினாள். அவர் வாசலில் நின்றார். உள்ளே வந்தால் உடந்தை, போய்விட்டால் கோழை. இரண்டுக்கும் நடுவே நிலைப்படியில் நிற்பதுதான் அவருக்குப் பழக்கம்.

“பச்சையை அங்க மாட்டாதே,” என்றார் திடீரென்று.

அவள் திரும்பவில்லை.

“அது எர்த். மேல இருக்கிற பெரிய பின்னுக்குப் போகணும். இப்படிக் குடுத்தா தொட்ட உடனே உன்னைத் தூக்கி அடிக்கும்.”

“அனுமதி வந்துடுச்சா பூமியாள்வாரே?”

“விளையாடாதே. இங்க குடு.”

அவருக்கு வந்தது துணிச்சல் இல்லை. தப்பாக மாட்டிய ஒயரைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க அவரால் முடியவில்லை, அவ்வளவுதான். மனைவியின் வெடித்த கைகள் அசைக்காத மனிதரை ஒரு பச்சை ஒயர் அசைத்தது. அதற்காகச் சந்தோஷப்படுவதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று அவளுக்குத் தெரியவில்லை. ஸ்க்ரூடிரைவரைக் கொடுத்துவிட்டு விரிப்புகளை உள்ளே திணித்தாள். ரப்பர் ஷீட்டில் கிடந்தவள் பிள்ளை பெற்று முடிப்பதற்குள் அவள் முதுகுக்கடியில் வெதுவெதுப்பான விரிப்பு வந்துவிட்டது.

மறுநாள் நிர்வாகி செல்வந்தரோடு சலவை அறைக்குள் நுழைந்தபோது மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. நிர்வாகியின் கையில் ரிப்பன் சுருள். முகத்தில் ஈயாடவில்லை.

“யார் ஓட்டச் சொன்னது? நிறுத்துங்க,” என்று மின் பணியாளரின் காதருகே பல்லைக் கடித்தார்.

அவர் குனிந்து கண்ணாடிக் கதவுக்குள் பார்த்தார். நுரைக்குள் துணி உருண்டது.

“உள்ள தண்ணி நிக்குது சார். முழுசா முடியணும். கொஞ்சம் பொறுங்க.”

“சார் எவ்வளவு தூரத்திலிருந்து வந்திருக்கார் தெரியுமா?”

“இருக்கட்டும் சார். பொறுங்க.”

அந்தச் சொல்லை அவர் வேறொருவர் மேல் பிரயோகித்து அவள் கேட்டது அதுதான் முதல் தடவை. செல்வந்தர் வேறு வழியின்றி ஒரு வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தார். அதிர்ந்துகொண்டிருந்த மெஷினில் ரிப்பன் கட்டினார்கள்; அது வழுக்கி விழுந்துகொண்டே இருந்தது. மூன்றாவது முறை விழுந்ததும் விட்டுவிட்டார்கள்.

“இந்த அம்மா யாரு?” என்றார் செல்வந்தர்.

“மின் பணியாளரோட மனைவி சார். சேவை மனப்பான்மை ஜாஸ்தி.”

“தலைமை நர்ஸ்,” என்றார் கணவர், மெஷினிலிருந்து கண்ணை எடுக்காமல். “பிரசவ வார்டு.”

செல்வந்தர் ஆச்சரியத்தோடு நிர்வாகியைப் பார்த்தார். “அப்படியா? அப்ப ஏன் இங்க நிக்கிறாங்க?”

நிர்வாகி அவள் பக்கம் திரும்பினார். அவள் இடுப்பில் கூடையோடு, பதிலுக்காகக் காத்திருந்தாள்.

“அனுமதி... கேட்டுப் பாக்கலாம் மேடம். நீங்க கொஞ்சம்...” என்று ஆரம்பித்தவர், அங்கேயே நிறுத்திக்கொண்டார்.

மெஷின் ஓய்ந்தது. அவள் கதவைத் திறந்து விரிப்புகளை எடுத்துக் கூடையில் போட்டாள். பிரசவ அறை வாசல் வரை கொண்டுபோய்க் கொடுத்தாள். அதற்கு மேல் அவளுக்கு இன்னும் அனுமதி இல்லை.