மாமாவுக்கு எதிராக ஒரு தீர்மானம்

ஜனவரியில் ஒரு சாயங்காலம் தம்பி மனைவி கௌசல்யா, மகளைக் கூட்டிக்கொண்டு சிதம்பரத்தில் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். குழந்தையின் வலது கண்ணில் பெரிய கட்டு. 

"கரித்தூள் விழுந்துடுச்சு அண்ணி. கசக்கிட்டா. கருவிழியில கீறல் விழுந்திருக்காம். ஆறிடும்னு டாக்டர் சொல்றாரு. ஆனா மறுபடி மறுபடி விழுந்தா பார்வைக்குக் கேடுங்கறாரு."

கரித்தூள் எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை. எனக்குத்தான் தெரியுமே!

காட்டுமன்னார்கோயில் பக்கம் எங்கள் ஊர். ஊரை ஒட்டி ஒரு ரைஸ் மில். நெல் அவிக்க உமியை எரிப்பார்கள். அந்தப் புகைபோக்கியிலிருந்து கிளம்பும் கரி, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அந்தத் தெருவில் இறங்கும். கொடியில் காயும் வெள்ளை வேட்டியில் கறுப்புப் புள்ளி. தயிரில் கறுப்புப் புள்ளி. இப்போது குழந்தையின் கண்ணில்.

மில் முதலாளி எங்களுக்குத் தூரத்து உறவில் மாமா. ஊரில் பாதிப் பேருக்கு அவர் மாமாதான். கெட்டவர் இல்லை. கல்யாணம், காரியம் எதுவானாலும் முதல் ஆளாக வந்து நிற்பவர். என் தம்பி சேகர் அவருடைய மில்லில்தான் லாரி ஓட்டுகிறான்.

சிக்கல் புரிகிறதா?

"சேகர் என்ன சொல்றான்?" என்றேன்.

"மாமாகிட்ட பக்குவமா சொல்லிப் பாப்போங்கறாரு. போன வருஷமும் அதத்தான் சொன்னாரு. போயிச் சொல்லியும் ஒண்ணும் நடக்கல." குழந்தையின் கட்டைச் சரிசெய்தாள். பிறகு, "இருவத்தாறாந்தேதி கிராம சபை வருது அண்ணி. நான் எழுந்து கேட்டுடப் போறேன்" என்றாள்.

கேட்க மாட்டாள் என்றுதான் நினைத்தேன். கௌசல்யா கல்யாண வீட்டில்கூடச் சத்தமாகப் பேசாதவள்.

அரசியல் சாசனம் என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? டெல்லி. அணிவகுப்பு. கறுப்பு கோட்டு வக்கீல்கள். பிரதமருக்கு என்ன அதிகாரம், கவர்னர் எதுவரை போகலாம் என்று டி.வி.யில் நடக்கும் சண்டைகள். அந்தத் தடிமனான புத்தகத்துக்கும் தயிரில் விழும் கரிக்கும் என்ன சம்பந்தம்?

இருக்கிறது. பிற்பாடு செய்த ஒரு திருத்தத்தில் பஞ்சாயத்துகளையும் கிராம சபையையும் அந்தப் புத்தகத்துக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டார்கள். ஊர் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும். நீங்கள் அந்தச் சபையின் உறுப்பினர். சட்டசபையில் நமக்காக இன்னொருவர் பேசுவார். இங்கே நாமே பேசலாம்.

பேசுகிறோமா என்ன? கையெழுத்துப் போட்டுவிட்டு, டீயைக் குடித்துவிட்டு, வீட்டுக்கு வந்துவிடுகிறோம்...

குடியரசு தினத்தன்று நானும் போயிருந்தேன். பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல். கொடியேற்றி, மிட்டாய் கொடுத்து முடித்திருந்தார்கள். தலைவர் ஒரு பெண்மணி, நடுத்தர வயது. அவர் பக்கத்தில் செயலர். முன்வரிசை நாற்காலியில் வெள்ளைச் சட்டையில் மாமா. பின்னால் மில் ஆட்களோடு சேகர். பெண்கள் ஜமக்காளத்தில்.

குடிநீர், தெருவிளக்கு, நூறு நாள் வேலை எல்லாம் ஓடி முடிந்தன. "வேற யாராச்சும் பேசணுமா?" என்று செயலர் கேட்டார். கேட்டுக்கொண்டே பேனாவை மூடினார்.

கௌசல்யா எழுந்தாள்.

"மில்லுக் கரி வீட்டுக்குள்ள வருதுங்க. எம்பொண்ணு கண்ணுல விழுந்து கட்டுப் போட்டிருக்கோம். கரியைப் புடிக்கிற மாதிரி மெஷின் இருக்குதாம். அத மாட்டணும்னு தீர்மானம் போடுங்க."

 சேகர் தரையைப் பார்த்தான்.

செயலர் சிரித்தார். "தனியார் மில்லும்மா அது. அதெல்லாம் இங்க பேச முடியாது."

எனக்கு வாய் சும்மா இருக்குமா? வாராவாரம் பத்திரிகையில் ஊருக்கெல்லாம் புத்தி சொல்லி எழுதுகிறவளாயிற்றே! எழுந்து, "சபைக்கு அதிகாரம்..." என்று ஆரம்பித்தேன்.

"மேடம், உங்க ஓட்டு எங்க இருக்கு?"

"சிதம்பரத்துல."

"அப்ப உக்காந்து கேளுங்க. பேச முடியாது."

உட்கார்ந்தேன். சட்டப்படி அவர் சொன்னது சரிதான். கல்யாணமாகிப் போனபோது என் ஓட்டும் என்னோடு போய்விட்டது. நான் பிறந்த ஊரில் நான் விருந்தாளி. கௌசல்யா உறுப்பினர்!

இதற்குள் மாமா எழுந்துவிட்டார். குரலில் கோபம் இல்லை, வருத்தம்தான். "ஏம்மா, நாம என்ன அன்னியமா? வூட்டுக்கு வந்து ஒரு வார்த்த சொல்லியிருந்தா செஞ்சிருக்க மாட்டனா? இப்புடிச் சபையில நிறுத்தணுமா?"

"வந்தோம் மாமா. வந்தப்பல்லாம் காபி குடுத்தீங்க. பாத்துக்கலாம்னு அனுப்பிட்டீங்க." முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "வூட்டுக்கு வந்தா நான் உங்களுக்கு மருமவ. ஜாஸ்தி பேசக் கூடாது. அதான் இங்க கேக்கறேன்."

எவ்வளவு எளிதாகச் சொல்லிவிட்டாள்! வீட்டில் கேட்டால் அது சலுகை. அவர் மனசு வைத்தால் கிடைக்கும். சபையில் கேட்டால் அது உரிமை. கேட்கிறவள் யார், என்ன முறை என்பதெல்லாம் அங்கே கணக்கில் வராது.

 தலைவர் செயலரைப் பார்த்தார். "எழுதுங்க. நம்மளால என்ன முடியும், முடியாதுன்னு மேல இருக்கறவங்க சொல்லட்டும். ஊரு கேக்குதுன்னு எழுதுங்க. சம்மதம்னா கை தூக்குங்கப்பா."

யாரும் தூக்கவில்லை. மில்லில் வேலை, மில்லில் கடன், மாமா வீட்டில் பெண் கொடுத்தது, எடுத்தது... எல்லோர் கையையும் ஏதோ ஒன்று பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. கௌசல்யாவின் ஒற்றைக் கை மட்டும் மேலே.

பிறகு இட்லிக் கடை பாக்கியம் கையைத் தூக்கினார். "மாவை மூட ஈரத்துணி மாத்தி மாளல எனக்கு" என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார். அவரைப் பார்த்து இன்னொரு பெண். அப்புறம் ஜமக்காளம் முழுக்க. ஆண்கள் பக்கமும் மெதுவாக எழும்பியது. கடைசியில் சேகர். அவன் கை தோளுக்கு மேலே போகவில்லை. ஆனாலும் எண்ணிக்கொண்டார்கள்.

தீர்மானம் நிறைவேறியது. மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் லாரிச் சாவியை வேறொருவனிடம் கொடுத்துவிட்டார்கள். சேகர் வாடகைக்கு ஒரு மினி லாரி எடுத்து ஓட்டினான். லோடு கிடைத்தால்தான் காசு. "உரிமை சோறு போடுமா அக்கா?" என்று போனில் என்னிடம் கேட்டான்.  அரசியல் சாசனம் பேசுகிற உரிமையைக் கொடுக்கிறது. பேசியபிறகு சொந்தக்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டால், அதற்கு அதில் மருந்து இல்லை.

ஆனால் கௌசல்யா விடவில்லை. ஒரு திங்கட்கிழமை, தீர்மான நகலோடு கடலூருக்குக் கிளம்பினாள். துணைக்கு நான். மனுநாள் கூட்டத்தில் வரிசையில் நின்று கொடுத்தோம். வாங்கிய அதிகாரி நிதானமாகப் படித்தார். "தனி ஆளு மனு இல்ல போலிருக்கே. ஊரே கேட்டிருக்கு" என்று சொல்லி, அதன்மேல் ஏதோ எழுதி மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு அனுப்பினார்.

அதிகாரிகள் வந்தார்கள். புகைபோக்கியை அண்ணாந்து பார்த்தார்கள். மாமாவுக்கு நோட்டீஸ் போனது. பதில் சொல்ல அவகாசமும் கொடுத்தார்கள். அதுவும் நியாயம்தானே! பதிலைக் கேட்காமல் இஷ்டத்துக்கு மில்லை இழுத்துப் பூட்ட அரசாங்கத்துக்கு அதிகாரம் கிடையாது, மாமாவும் குடிமகன்தான். முணுமுணுத்துக்கொண்டே கரி பிடிக்கும் மெஷினை மாட்டினார். கரி முழுசாக நின்றுவிடவில்லை. ஆனால் குழந்தை இப்போது தெருவில் விளையாடுகிறாள்.

அறுவடை நெல் வந்து குவிந்தபோது சேகரைக் கூப்பிட்டனுப்பினார் மாமா. "புது டிரைவருக்கு ரிவர்ஸ் எடுக்கத் தெரியல" என்றாராம். காரணம் அவ்வளவுதான் சொன்னார். கௌசல்யாவோடு மட்டும் பேச்சில்லை.

மே தினத்தன்று அடுத்த கிராம சபை. மாமா வரமாட்டார் என்று பேசிக்கொண்டார்கள். வந்தார். முதல் ஆளாக எழுந்தவரும் அவர்தான்!

"மில்லு ரோடு குண்டும் குழியுமா கெடக்கு. லாரி ஆக்சில் ஒடையுது. புது ரோடு போடச் சொல்லித் தீர்மானம் போடுங்க."

கை தூக்கச் சொன்னார்கள். மாமா திரும்பி ஜமக்காளத்தைப் பார்த்தார். முதலில் எழும்பியது கௌசல்யாவின் கை.

கூட்டம் முடிந்து போகும்போது அவள் பக்கத்தில் நின்றார். "கொழந்த கண்ணு எப்புடி இருக்கு?" என்றார்.

"நல்லாயிருக்கு மாமா."

தலையாட்டிவிட்டு நடந்தார்.

ரோடு இன்னும் வரவில்லை. மாமா தினமும் டீக்கடையில் உட்கார்ந்து அரசாங்கத்தைத் திட்டுகிறாராம்.

திட்டட்டும்... அந்த உரிமையும் அதே புத்தகத்தில்தான் இருக்கிறது!