முப்பத்திரண்டு கொத்து

1. சிவப்புப் பென்சில்

பள்ளிக்கூடங்களைப் பரிசோதிக்கும் வித்தியாதரிசி வருகிறார் என்ற கடிதம் ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. அன்று பள்ளிக்கூடம் விட்டதும் பெரிய சட்டம்பியார் என்னைக் கூப்பிட்டார். எங்கள் தலைமை ஆசிரியரை ஊரில் எல்லோரும் அப்படித்தான் அழைப்பார்கள். மேசையில் என் பாடக்குறிப்புக் கொப்பி திறந்து கிடந்தது. பக்கம் முழுவதும் சிவப்புப் பென்சில்.

"பிள்ளை, மூண்டு கிழமையா 'வாய்ப்பாடு மனனம்' எண்டு மட்டும் எழுதி வைச்சிருக்கிறீர். வாறவர் புதுமுறை படிச்ச மனிசன். பிள்ளையள் கையாலை என்ன செய்யினம் எண்டு கேப்பார். என்ன சொல்லப்போறீர்?"

"ஏதாவது செய்யிறன் ஐயா."

"ஏதாவது எண்டு குறிப்பிலை எழுதேலாது."

பயிற்சிக் கல்லூரியை விட்டு இந்த வருடம் வெளியே வரும் தங்கைமார் இதைப் படித்துச் சிரிக்கக்கூடும். சிரியுங்கள். உங்களுக்கும் ஒரு சிவப்புப் பென்சில் காத்திருக்கிறது.

பள்ளிக்கூடம் சாவகச்சேரிச் சந்தையிலிருந்து இரண்டு மைல் உள்ளே இருந்தது. ஆறாம், ஏழாம், எட்டாம் வகுப்புகளுக்கு நான்தான் கணக்கு. அதோடு கீழ்வகுப்புப் பெண் பிள்ளைகளுக்குத் தையல். ஒவ்வொரு பாடத்துக்கும் குறிப்பு எழுதவேண்டும்: நோக்கம், துணைக்கருவி, கற்பிக்கும் முறை, கேட்கும் வினா, எதிர்பார்க்கும் விடை. கிழமைக்கு இருபத்தைந்து குறிப்பு. எழுதி முடித்து நிமிரும்போது அடுத்த கிழமை வந்துவிடும். அளவைப் பாடம் இன்னும் மோசம். பன்னிரண்டு அங்குலம் ஓர் அடி, மூன்று அடி ஒரு யார், பதினாறு அவுன்ஸ் ஓர் இறாத்தல், நான்கு சுண்டு ஒரு கொத்து, முப்பத்திரண்டு கொத்து ஒரு புசல். பிள்ளைகள் கோயில் பஜனைபோல இதைப் பாடுவார்கள். பாட்டு முடிந்ததும் எல்லாம் முடிந்துவிடும்.

என் நியமனம் தற்காலிகமானது. வித்தியாதரிசி நல்லபடி எழுதினால் நிரந்தரம். இல்லாவிட்டால் வேறொருத்தி வருவாள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். சம்பளப் பத்திரத்தில் நான் வைத்ததுதான் எங்கள் வீட்டாரின் முதல் கையெழுத்து. அதற்கு முன் எங்கள் வீட்டில் இருந்தவை எல்லாம் பெருவிரல் அடையாளங்கள். அந்தக் கையெழுத்தை இழக்க நான் ஆயத்தமாக இருக்கவில்லை.

2. புசல் பெட்டி

திங்கட்கிழமை விடியப்புறம் கொப்பியைத் திறந்து எட்டாம் வகுப்புக்கு இப்படி எழுதினேன். நோக்கம்: முப்பத்திரண்டு கொத்து ஒரு புசல் என்பதைப் பிள்ளைகள் தாமே அளந்து அறிதல். துணைக்கருவி: புசல் பெட்டி ஒன்று, கொத்து ஒன்று, நெல் ஒரு சாக்கு. எதிர்பார்க்கும் விடை: 32.

நான் எழுதிக்கொண்டிருந்தபோது அம்மா வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தா. எங்கள் ஊரில் ஒரு பெரிய வீட்டில் நெல்லுக் குத்துவது அவவின் வேலை.

"என்னடி எழுதுறாய், விடியமுன்னம்?"

"பாடம் அம்மா. உங்களுக்கு விளங்காது."

அப்படித்தான் சொன்னேன். அதை மறைக்க விரும்பவில்லை.

புசல் பெட்டியைச் சந்தையில் ஒரு நெல்லுக் கடைக்காரரிடம் பெரிய சட்டம்பியார் இரவல் வாங்கித் தந்தார். அது மாட்டு வண்டிலில் வந்து இறங்கியதைப் பார்த்துப் பள்ளிக்கூடமே கூடிவிட்டது. சாக்கு நெல்லும் அளக்கும் கொத்துப் பாத்திரமும் பெரிய சட்டம்பியார் வீட்டுடையவை.

"சிந்தாமல் திருப்பித் தாரும் பிள்ளை. வீட்டிலை மனுசி எண்ணிப் பாப்பா," என்றார்.

"நெல்லையோ ஐயா?"

"அவ எண்ணுவா."

3. இரண்டு கைகள்

வித்தியாதரிசி கோட்டும் தலைப்பாகையுமாக வந்து பின்வாங்கில் உட்கார்ந்தார். என் குறிப்புக் கொப்பியை மடியில் வைத்துக்கொண்டார். நான் கரும்பலகையில் 32 என்று பெரிதாக எழுதினேன். பிறகு மகேஸ்வரியைக் கூப்பிட்டேன். வகுப்பில் கெட்டிக்காரி, அவளுடைய தகப்பனார்தான் பள்ளிக்கூடத்துக்கு நிலம் கொடுத்தவர். அவளைக் கூப்பிட்டதற்கு இரண்டும் காரணம்.

மகேஸ்வரி கொத்தைச் சாக்குக்குள் ஆழ விட்டாள். கோபுரம்போலக் குவிந்த நெல்லோடு தூக்கினாள். குவியல் சரியாமல் மற்றக் கையால் அணைத்துக்கொண்டு போய்ப் பெட்டியில் கொட்டினாள். வகுப்பு முழுவதும் சத்தமாக எண்ணியது. எனக்குப் பெருமையாக இருந்தது. இருபது கடந்ததும் பெட்டியைப் பார்த்தேன். பெருமை போய்விட்டது.

"இருபத்தாறு!"

பெட்டி நிரம்பிவிட்டது. வகுப்பு கொல்லென்று சிரித்தது.

"ரீச்சர், மகேஸ் ஆறு கொத்தை விழுங்கிப்போட்டாள்!" என்றது முன்வாங்கிலிருந்து ஒரு குரல்.

"போடி, உன்னை மாதிரியோ நான்?"

வித்தியாதரிசி ஏதோ குறித்துக்கொண்டார். அப்போது நான் செய்த பிழையைக் கவனியுங்கள். ஏன் இப்படி வந்தது என்று கேட்கவில்லை. "எண்ணினது பிழை. பூமணி, நீ வந்து அள," என்றேன். எண்ணியது முழு வகுப்பும். நானும் சேர்ந்துதான் எண்ணினேன்.

நெல்லைச் சாக்கில் திருப்பிக் கொட்டினோம். பூமணி மெலிந்த பிள்ளை, அதிகம் கதைக்காது. அவள் கொத்தை நிரப்பினாள். நிரப்பியதும் வலக் கையைச் சற்று வளைத்து, கொத்தின் வாயில் வைத்து வழித்துவிட்டாள். குவியல் எல்லாம் சாக்குக்குள் விழுந்தது. குவியல் மட்டுமல்ல, கை வளைந்திருந்ததால் கொத்தின் நடுவில் ஒரு சிறு குழி விழுந்தது. ஒவ்வொரு கொத்திலும் அதே குழி.

அந்தக் கையை எனக்குத் தெரியும். சின்ன வயதில், பெரிய வீட்டு முற்றத்தில் அம்மாவுக்குக் கூலி நெல் அளந்து போடும்போது, ஓலைக் கடகத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது நான். அந்தக் குழியைப் பார்த்துப் பார்த்து வளர்ந்தவள். ஆனாலும் அளவைப் பாடத்துக்குக் குறிப்பு எழுதியபோது அது என் ஞாபகத்துக்கே வரவில்லை. அந்த முற்றத்தை விட்டு வெளியே வருவதற்குத்தானே நான் படித்தது.

"முப்பத்துநாலு!" என்றது வகுப்பு. இந்த முறை ஒருவரும் சிரிக்கவில்லை.

வித்தியாதரிசி எழுந்து முன்னால் வந்தார்.

"ஒரே சாக்கு, ஒரே கொத்து, ஒரே பெட்டி. ஒருத்திக்கு இருபத்தாறு. ஒருத்திக்கு முப்பத்துநாலு. கரும்பலகையிலை முப்பத்திரண்டு. எது சரி ரீச்சர்?"

நான் வாய் திறக்குமுன் மகேஸ்வரி முந்திக்கொண்டாள்.

"நான் பிழையா அளக்கேல்லை ஐயா. எங்கடை வீட்டுக்குக் குத்தகை நெல்லு வரேக்கை குவிச்சுத்தான் அளக்கிறது. அப்பா பக்கத்திலை நிண்டு பாப்பார்."

"நீ?" என்று பூமணியைக் கேட்டார்.

"நானும் பிழையா அளக்கேல்லை. அம்மாவுக்குக் கூலி நெல்லு இப்பிடித்தான் அளந்து போடுறவை."

"ஆர் வீட்டிலை?"

அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். பூமணியின் கண் மட்டும் ஒருதரம் மகேஸ்வரியிடம் போய்த் திரும்பியது. வகுப்பு முழுவதும் மகேஸ்வரியைப் பார்த்தது. அந்தப் பிள்ளையின் முகம் சிவந்துவிட்டது.

நான் கோடு போட மேசையில் வைத்திருந்த ஓரடி அடிமட்டத்தை எடுத்தேன். "இன்னொருக்கா அளப்பம்," என்று சொல்லி நானே கொத்தை நிரப்பி, அடிமட்டத்தின் விளிம்பால் நேராக வழித்தேன். குவியலும் இல்லை, குழியும் இல்லை. மணி அடித்தது, நான் நிறுத்தவில்லை. முப்பத்திரண்டாவது கொத்தோடு பெட்டி நிரம்பியது. ஒரு கைப்பிடி நெல் வெளியே சிந்தியது.

"அடிமட்டம் குறிப்பிலை இல்லையே," என்றார் வித்தியாதரிசி, கொப்பியைப் புரட்டி.

"இல்லை ஐயா."

"புத்தகத்திலை இருக்கோ?"

"இல்லை ஐயா."

"அப்ப எங்கை படிச்சனீர்?"

என்னிடம் நேரான பதில் இருந்தது. என்ரை அம்மா நெல்லுக் குத்துறவ, அந்த முற்றத்திலை படிச்சனான், என்று சொல்லியிருக்கலாம். முப்பது பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். "கண்டு பழகினது ஐயா," என்று மட்டும் சொன்னேன். அன்று சொல்லாததை இங்கே எழுதிவிட்டேன்.

அவர் போகும்போது பள்ளிக்கூடத்துப் பதிவுப் புத்தகத்தில் இரண்டு வரி எழுதினார். 'அளவைப் பாடம் குறிப்பின்படி நடைபெறவில்லை. நேரத்துக்குள் முடியவுமில்லை.'

4. பனைமட்டை

அடுத்த கிழமை பெரிய சட்டம்பியார் என்னை மறுபடி கூப்பிட்டார்.

"நிரந்தரக் கடிதம் வர இன்னும் ஒரு வருஷம் செல்லும். திரும்ப வந்து பாத்துத்தான் எழுதுவாராம்."

"ஓம் ஐயா."

"அது பரவாயில்லை. மகேசின்ரை தேப்பன் வந்து போனவர். பள்ளிக்கூடத்திலை கணக்குப் படிப்பிக்கினமோ, அடுத்தவன்ரை வளவுக்கை எட்டிப் பாக்கினமோ எண்டு கேட்டார். குறிப்பிலை புசல் எண்டுதான் இருந்தது எண்டு சொல்லிப்போட்டன். இன்னொருக்கா வந்தாரெண்டால் என்னாலை நிண்டு பிடிக்கேலாது பிள்ளை. உம்மடை இடத்துக்கு வேறை ஆள் பாக்கச் சொல்லுவினம்."

நான் தலையாட்டிவிட்டு வகுப்புக்குப் போனேன். அன்று படிப்பித்தது என்ன என்று எனக்கு ஞாபகமில்லை. அந்த வருடத்தின் பல நாள்கள் அப்படித்தான். தொண்டை வறண்டு, சோக்கட்டித் தூளால் விரலிடுக்கு வெடித்து, அடுத்த மணிக்காகக் காத்திருந்த நாள்கள்.

பள்ளிக்கூடம் விட்டபிறகு பூமணி வாசலில் நின்றாள்.

"ரீச்சர், அந்த அடிமட்டத்தை ஒருநாளைக்குத் தருவியளோ? நாளைக்கு அம்மாவுக்கு நெல்லு அளக்கிற நாள். பிறகு கொண்டுவந்து தந்திடுவன்."

"அது பள்ளிக்கூடச் சாமான் பிள்ளை. வெளியிலை குடுக்கேலாது."

சாமான் பட்டியலில் அடிமட்டம் இருந்தது உண்மை. ஆனால் நான் பயந்தது பட்டியலுக்கல்ல. "ஓம் ரீச்சர்," என்று சொல்லிவிட்டு அவள் போனாள். ஒழுங்கை முடியும்வரை அவள் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் விடியப்புறம் கொப்பியில் ஒரு புதுக் குறிப்பு எழுதினேன். நோக்கம்: அங்குலங்களைச் சமமாக அடையாளமிடப் பழகுதல். துணைக்கருவி: பனைமட்டை. முறை: காய்ந்த மட்டையின் ஓரத்துக் கருக்கைச் சீவி, ஓர் அடி நீளத்துக்கு நறுக்கி, விளிம்பை நேராக்கி, ஒவ்வொரு பிள்ளையும் சொந்தமாக ஓர் அடிமட்டம் செய்தல். பள்ளித் தவணை முடிவில் கொண்டுவந்து புள்ளி பெறுதல். அதுவரை பிள்ளைகள் தம்முடன் வைத்திருத்தல்.

பெரிய சட்டம்பியார் குறிப்பை ஆறுதலாகப் படித்தார். 'விளிம்பை நேராக்கி' என்ற இடத்தில் சிவப்புப் பென்சில் சற்று நின்றது. கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார்.

"பனைமட்டை. செலவில்லாத பாடம்," என்று சொல்லிக் கையெழுத்து வைத்தார்.

இரண்டு நாள் வகுப்பறை தச்சுப் பட்டறையாக இருந்தது. கருக்குக் கிழித்து நாலு பேருக்குக் கையில் காயம். "ரீச்சர், இவன்ரை அடியிலை பதின்மூண்டு அங்குலம் கிடக்கு!" என்று சண்டை. எல்லோரும் ஆளுக்கொரு மட்டையோடு வீட்டுக்குப் போனார்கள். ஒரு தகப்பனும் வந்து முறையிடவில்லை. முறையிட என்ன இருக்கிறது?

தவணை முடிவில் மட்டைகளை வாங்கிப் பார்த்தேன். முதலில் தேடியது பூமணியுடையதை. கோடுகள் எல்லாம் சமம், விளிம்பு செய்த அன்று இருந்தபடியே இருந்தது. ஒருமுறைகூட அதை வெளியே எடுத்திருக்கமாட்டாள். எனக்குக் கோபம் வரவில்லை, அலுப்புத்தான் வந்தது. நெல் அளக்கும் வீட்டில், அளந்து போடுகிறவளின் முன்னால், கூலிக்காரியின் பிள்ளை எப்படி மட்டையை நீட்டுவாள்? பெரிய வீட்டு முற்றத்தில் நின்றிருந்தால் நானும் நீட்டியிருக்கமாட்டேன்.

மற்ற மட்டைகளையும் பார்த்துப் புள்ளி போட்டுக்கொண்டு போனேன். ஒரு மட்டையின் விளிம்பு மட்டும் தேய்ந்து எண்ணெய் பூசியதுபோல மினுங்கியது. நாருக்குள் நெல்லின் சுணை ஒட்டியிருந்தது. திருப்பிப் பெயரைப் பார்த்தேன். மகேஸ்வரி.

அவளைக் கூப்பிட்டேன்.

"இதேன் இப்பிடித் தேஞ்சிருக்கு?"

"அம்மாவுக்குக் கை உளைவு ரீச்சர். கூலி நெல்லு இப்ப நான்தான் அளந்து போடுறன்."

"இந்த மட்டையாலையோ?"

"ஓம். கையாலை வழிச்சால் சரியா வராதெண்டு நீங்கள்தானே காட்டினியள்."

அடுத்த கேள்வியைத் தயங்கித்தான் கேட்டேன்.

"குத்தகை நெல்லு?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "அதை அப்பா அளக்கிறவர் ரீச்சர்."

அடுத்த வருடம் வித்தியாதரிசி வந்தபோது பின்னப் பாடம் நடத்தினேன். குறிப்பின்படி நடந்தது. நேரத்துக்குள் முடிந்தது. நிரந்தரக் கடிதமும் வந்தது. அதை நான் வாசிக்க அம்மா கேட்டுக்கொண்டிருந்தா. அன்று, பிந்தியாவது, கொத்துக் கதையையும் சொன்னேன். அம்மா கேட்டுவிட்டு, "உதை என்னட்டைக் கேட்டிருந்தால் முதலே சொல்லியிருப்பனே," என்றா.

ஆகவே என் பாடக்குறிப்பில் இப்போது ஒரு கட்டம் கூடுதல். நோக்கத்துக்கும் துணைக்கருவிக்கும் நடுவில், 'பிள்ளை வீட்டில் இதை எப்படி அளக்கிறது' என்று எழுதி, பாடத்துக்கு முதல்நாளே கேட்டு நிரப்புகிறேன். கிழமைக்கு இருபத்தைந்து குறிப்பில் இது இன்னும் இருபத்தைந்து வரி வேலை. அலுப்பாகத்தான் இருக்கிறது. நீங்களும் எழுதுங்கள்.

மகேஸ்வரியின் மட்டையில் அங்குலக் கோடுகள் சமமாக இல்லை. பத்துக்கு ஐந்து போட்டேன். விளிம்புக்குப் புள்ளி போட அன்று என் பட்டியலில் இடம் இருக்கவில்லை.