சட்டைப் பையில் எடுத்த படம்

இருசப்பனுக்குத் தொண்டை பெரிது. கோல சிலாங்கூர் பக்கம் அவர் குடியிருக்கும் செம்பனைத் தோட்டத்தில் மாரியம்மன் திருவிழா என்றால் மைக் அவர் கையில்தான். காணாமல் போன பிள்ளை, வழியை மறித்து நிற்கும் கார், அன்னதானம் தயார் என்கிற நல்ல செய்தி, எல்லாம் அவர் வாயால்தான் வர வேண்டும். மைக் இல்லாத நாளிலும் அந்தத் தொண்டைக்கு லீவு கிடையாது. செம்பனைக் குலைகளை எண்ணெய் ஆலைக்கு ஏற்றிப் போகும் லோரி ஓட்டுகிறவர். ஆலை வாசலில் வரிசை நின்றால், ஏழு லோரி தள்ளி நிற்பவனோடு போன் இல்லாமலேயே பேசுவார். இந்த ஐம்பத்து மூன்று வயதில் அவர் ரகசியமாகச் செய்த காரியம் ஒன்றே ஒன்றுதான். அதுவும் இரண்டே நாளில் நாடு முழுக்கப் பரவிவிட்டது. செய்தவர் பெயர் மட்டும் இன்னும் குடும்பத்தைத் தாண்டி வெளியே வரவில்லை. என்றைக்கு வருமோ என்றுதான் அவருக்குப் பயம்.

காரியத்துக்குக் காரணம் அவர் மனைவி துளசி. செரண்டாவைச் சேர்ந்த சேது என்கிற இளைஞன், காரை விற்று, அக்காளின் சேமநிதியையும் கரைத்து ஒரு தமிழ்ப் படம் எடுத்தான். மூன்று நாள் இவர்கள் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளில்தான் படப்பிடிப்பு. எல்லாருக்கும் தேநீர் கொண்டுபோய்க் கொடுத்த துளசியைப் பார்த்துவிட்டு, "அக்கா, நீங்களே அம்மாவா நில்லுங்க" என்றான். ஒரே காட்சி, ஒரே வரி. மகனைத் தேடி வரும் போலீஸ்காரரிடம், "எம்புள்ள வந்தா, சோறு மூடி வெச்சிருக்கேன்னு சொல்லுங்க சார்" என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்லிப் பார்த்துச் சொல்லிப் பார்த்தே துளசி பத்து நாள் பாத்திரம் கழுவினாள். பக்கத்து வீட்டுப் பூனைக்குக்கூட அந்த வரி மனப்பாடம்.

படம் வெளிவந்த சனிக்கிழமை, தோட்டத்து ஆட்களோடு வேன் பிடித்துக் கிள்ளானுக்குப் போனார்கள். உள்ளூர்ப் படம் ஒரு வாரம் தாண்டினால் அதிசயம் என்று இருசப்பனுக்குத் தெரியும். அப்புறம் துளசியைத் திரையில் எங்கே போய்ப் பார்ப்பது? போனைச் சட்டைப் பையில் செருகினார். கேமரா கண் மட்டும் வெளியே எட்டிப் பார்த்தது. அவள் காட்சி எந்த நிமிடத்தில் வரும் என்று சேது சொல்லவில்லை. அதனால் ஆரம்பத்திலிருந்தே ஓட விட்டார். படத்தைப் பதிவு செய்தால் சிறை, அபராதம் என்று திரையில் போட்டார்கள். அதெல்லாம் திருடர்களுக்குப் போட்டது என்று இவர் நினைத்துக்கொண்டார். இவர் திருடவா வந்தார்? பெண்டாட்டியைப் படம் எடுக்க வந்தார்.

ஃபைல் பெரிதாக இருந்ததால் குடும்பக் குரூப்பில் ஏறவில்லை. தங்கை மகன் தீபன்தான், "கொண்டாங்க மாமா" என்று வாங்கி எங்கேயோ ஏற்றி, ஒரு லிங்க் மட்டும் போட்டுக் கொடுத்தான். குடும்பம் நாற்பத்தாறு பேர்; துளசி அந்தக் குரூப்பில் இல்லை. நாற்பத்தாறு பேருக்கும் ஆளுக்கொரு குடும்பம். லிங்க் சுங்கை பஞ்சாங் போனது, பாகான் நக்கோடா ஓமாரில் படகில் ஏறியது, அதற்கப்புறம் எங்கே போனது என்று கடலுக்குத்தான் வெளிச்சம்.

"மாமா, பதினோராயிரம் பேரு பார்த்துட்டாங்க! சூப்பர் லா!" என்று திங்கட்கிழமை காலையில் தீபன் கூப்பிட்டுச் சொன்னான்.

"டேய், அழிச்சித் தொலைடா!"

"நம்ம லிங்க அப்பவே அழிச்சிட்டேன் மாமா. அவனவன் இறக்கி வேற வேற பேர்ல ஏத்திட்டான். ஒருத்தன் நடுவுல சூதாட்ட விளம்பரம்லாம் போட்டிருக்கான்."

"அதையும் அழி."

"அது என் வீட்டுச் சுவரா மாமா, நான் போயி அழிக்க?"

அன்று மத்தியானம் சேது முகநூலில் எழுதியிருந்தான். இணையத்தில் படம் ஓடுவதால் ஆள் வரவில்லை என்று பாதி அரங்குகள் படத்தைத் தூக்கிவிட்டன, போலீஸில் ரிப்போர்ட் கொடுத்தாயிற்று. இருசப்பன் ஆலை வரிசையில் லோரிக்குள் உட்கார்ந்து அதை எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படித்தார். வரிசை நகர்ந்தது தெரியவில்லை. பின்னால் ஹாரன் அடித்ததும் போன் காலடியில் விழுந்தது.

பயம் என்றால் போலீஸ் பயம் மட்டுமில்லை. அந்தப் பதிவில் அவர் குரல் இருந்தது. துளசி திரையில் வந்ததும் வாய் சும்மா இருக்கவில்லை. பையில் இருந்த போனுக்கும் வாய்க்கும் ஒரு சாண் தூரம்தான். தோட்டத்தில் அந்தக் குரலைத் தெரியாதவர்கள் கைக்குழந்தைகள் மட்டுமே. அதனால் செவ்வாய்க்கிழமையிலிருந்து இருசப்பன் கிசுகிசுத்துத்தான் பேசினார். கடையில் முட்டை கேட்டால் கடைக்காரர் காதைக் கொண்டுவர வேண்டியிருந்தது. போலீஸ் கார் ஒன்று இளநீர் குடிக்கத் தோட்டத்து முச்சந்தியில் நின்றபோது, குலையோடு லோரியைத் திருப்பி ஆறு கிலோமீட்டர் சுற்றிப் போனார்.

கோயில் தலைவர் சிவானந்தம் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"என்னப்பா இருசப்பா, தொண்ட கட்டிக்கிச்சா? வெள்ளிக்கிழம பூசைக்கு யாரு அறிவிப்பு குடுக்கிறது?"

"செல்வாவ விடுங்க தலைவரே."

"அவன் பேசினா சாமியே எந்திரிச்சிப் போயிரும். உப்புத் தண்ணி கொப்பளி."

துளசியோ அந்த வாரம் தரையில் நடக்கவில்லை. கையுறைத் தொழிற்சாலைக்குப் போகிற பஸ்ஸில் தினம் நாலு பேர், "அக்கா, உங்கள பார்த்தேன்" என்றார்கள். "இன்னிக்கு சூப்பர்வைசரே பார்த்துட்டாருங்க" என்று சாயங்காலம் வந்து சொல்வாள். எந்தத் தியேட்டரில் பார்த்தார்களாம் என்று அவள் கேட்டுக்கொள்ளவில்லை. அவள் சிரிக்கச் சிரிக்க, இருசப்பன் சோற்றை வெறுமனே பிசைந்துகொண்டிருந்தார்.

புதன்கிழமை அவள் சிரிக்காமல் வந்தாள். பையைக்கூடக் கழற்றவில்லை.

"கூட வேல பாக்கிற கலாவதி பஸ்ல போட்டுக் காட்டினா. உங்க போன குடுங்க."

அவர் கொடுத்தார். அவளே பதிவைத் தள்ளித் தள்ளித் தன் காட்சிக்கு வந்தாள். முன்சீட்டுக்காரன் மண்டை பாதித் திரையை மறைத்தது. அதற்கு மேலே, கொஞ்சம் சாய்ந்தாற்போல், அவள் முகம். உதடு அசைகிறது. வருவதோ இருசப்பன் குரல்: "அமைதி, அமைதி! இதோ வர்றாங்க, எல்லாரும் நல்லாப் பார்த்துக்குங்க!" அது முடியும்போது போலீஸ்காரர் முதுகைக் காட்டிப் போய்க்கொண்டிருந்தார்.

மூன்று முறை போட்டாள். மூன்று முறையும் அவர்தான் பேசினார்.

"அன்னிக்கு நம்ம ஆளுங்க விசிலடிச்சதுல எனக்கே கேக்கல. வெக்கத்துல நானும் முகத்த மூடிக்கிட்டேன்" என்றாள். "ஞாயித்துக்கெழம தனியாப் போயி நிம்மதியா கேக்கலாம்னு இருந்தேங்க. கிள்ளான்ல நாளையோட எடுக்கிறாங்களாம்."

"துளசி..."

"பதினோராயிரம் பேரு பார்த்திருக்காங்க. நான் என்ன சொன்னேன்னு ஒருத்தருக்கும் தெரியாது."

இருசப்பனுக்கு அபராதமும் சிறையும் ஒரு கணம் மறந்தே போயின. அதைவிடப் பெரிதாக ஒன்று எதிரே நாற்காலியில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தது.

"சேதுகிட்ட சொல்லிடவா?"

"சொல்லாம?"

"உள்ள தூக்கிப் போட்டுட்டான்னா? அடுத்த படத்துக்கு உன்னையும் கூப்பிட மாட்டான்."

"கூப்பிடாட்டிப் போறான்." அவளே எண்ணைத் தட்டி, ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தாள்.

"சொல்லுங்கக்கா" என்றான் சேது. குரலில் மூன்று நாள் தூக்கம் பாக்கியிருந்தது.

"அக்கா இல்ல தம்பி, நான். அந்தப் படத்த தியேட்டர்ல எடுத்தது நான்தான்."

"தெரியும்ணே. மொத நாளே தெரியும். அந்தக் கொரலு வேற யாருக்கு இருக்கு?"

"அப்ப ஏன் தம்பி..."

"அக்காவ நெனச்சேன். ரிப்போர்ட்டுல ஆளு யாருன்னு தெரியலன்னு சொல்லிட்டேன். இப்ப அதுதாண்ணே எனக்குப் பிரச்சன. படத்த வாங்கி வெளியிட்டவரு, யாருன்னு கண்டுபிடிச்சே தீரணும்னு நிக்கிறாரு. தெரிஞ்சே மறைச்சேன்னு என்னையும் சேர்த்துக் கேக்கப் போறாங்க."

இருசப்பன் துளசியைப் பார்த்தார். அவள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ எதுக்குப்பா எனக்காகப் பொய் சொல்லணும்? எம்பேர எழுதிக்க. நாளைக்குக் காலையில லோரி எடுக்க மாட்டேன். எந்த ஸ்டேஷனுன்னு சொல்லு, நானே வர்றேன்."

"அண்ணே, வெளையாட்டில்ல. ஜெயில் வரைக்கும் போகலாம்."

"தியேட்டர்லயே போட்டாங்க தம்பி. நான்தான் எனக்கில்லன்னு நெனச்சிட்டேன். எழுதிக்க. இருசப்பன். ஐசி நம்பரும் சொல்றேன், இரு."

அடையாள அட்டை பர்ஸில் இருந்து வர மறுத்தது. வந்த பிறகு எண் தெரியவில்லை. கண்ணாடி லோரியில் கிடந்தது. துளசி அட்டையை அவர் கையிலிருந்து வாங்கினாள். போன் பக்கம் குனிந்து, ஒவ்வோர் எண்ணாக, நிறுத்தி நிறுத்திப் படித்தாள். இந்த முறை இருசப்பன் குறுக்கே பேசவில்லை. கடைசி நாலு எண்ணைச் சேது மறுபடி கேட்டான். மறுபடி சொன்னாள்.